தெருவைப் பார்த்து நின்று சாப்பிட்டோம்

அக்கா, சென்னையில் மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தும் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. நீங்கள் போன பிறகு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மிடியில் எங்கள் வீட்டு அடுப்படியில் பொரித்த வெங்காய வாசனை இன்னும் அடங்கவில்லை. நேற்று என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்காக அம்மா பொரித்தது. அவர்கள் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்கள். அந்த வாசனைதான் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் நீங்கள் கூட்டிப்போன பர்மாக் கடையை நினைவுக்குக் கொண்டுவந்தது.

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த ஓர் அம்மாள், மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார்.

"சேமியா உப்புமாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, கப்பலேறி வந்த உப்புமா" என்றார்.

தட்டை வாங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தெருவில் நின்று தின்பதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்? நீங்கள் என் தோளைப் பிடித்துத் திருப்பினீர்கள்.

"செவுத்தைப் பார்த்துத் திங்கறதுக்கா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தே? தெருவைப் பார்த்து நில்லு புள்ள."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கடை. சீனக் குடும்பம் நடத்திய ஓட்டலில், பெண்களுக்கென்று திரை போட்ட அறையைச் சர்வர் காட்டினார். "எங்களுக்கு வெளிச்சத்துல சாப்பிட்டுத்தாங்க பழக்கம்" என்று நீங்கள் வாசலோர மேசையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் தலையைக் குனிந்தபடி எதிரே உட்கார்ந்தேன். ஸ்வெட்டர் விற்க வந்த திபெத்தியர்கள் ஆவியில் வேகவைத்ததைத் தந்தபோது, "நம்மூர்க் கொழுக்கட்டைக்குள்ள கறியை வச்சுட்டாங்கடி" என்று அவ்வளவு சிரித்தீர்கள்.

பிறவியிலேயே உங்கள் இருதயத்தில் ஓட்டை இருந்தது. டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதுதான் உங்களைக் கொண்டுபோனது. ஊர் வேறு கதை கட்டியது.

நேற்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: "கடத்தூர்க்காரி ஒருத்தி மெட்ராஸ்ல கண்டதையும் தின்னு செத்தாளே, அவகூடத்தானே இருந்தே? நீயும் தவளை கிவளை தின்னியா?"

அப்பா அவசரமாகச் சிரித்தார். "அதெல்லாம் இல்லைங்க. நம்ம பொண்ணு தயிர்சோத்தைத் தாண்டாதுங்க."

"தின்னேங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தவளை இல்லைங்க. பர்மா நூடுல்ஸ், சீனா சூப்பு, திபெத்துக்காரங்க கொழுக்கட்டை. அந்த அக்கா தின்னு சாவலைங்க, அவங்களுக்கு இருதயத்துல ஓட்டை. அவங்ககூட நின்னு தின்னேன். இனியும் திம்பேன்."

"படிச்ச வாய், நீளந்தான்" என்று அத்தை எழுந்தார். அப்பா இதுவரை என்னோடு பேசவில்லை. பேசாமலிருக்கட்டும். போன வரனுக்காக நான் அழவில்லை. நாளை சென்னைக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தனியாகவே ஒரு புதுக் கடைக்குப் போவேன்.

இவ்வளவு பேசுகிறவள், உங்கள் சாவு வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் கண்டதைத் தின்று செத்ததாக இதே பேச்சை அங்கே ஒருத்தி பேசினாள். உங்கள் அம்மா என் கையைப் பிடித்து, "நீ கூடவே இருந்தவளாச்சே, சொல்லும்மா" என்றார்கள். உண்மை தெரிந்தும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கூட்டம் என் மௌனத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டது.

ரயிலுக்கு முன் கடத்தூர் போய் உங்கள் அம்மாவிடம் பேசப்போகிறேன். அவர்கள் என்னைத் திட்டினாலும் சரி. நீங்கள் மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள், அக்கா.