மீனாவுக்கு நோய் வந்த வருடம்

நியூ ஜேர்சி
11.03.1984

அன்பின் மீனா,

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. உம்முடைய கடிதம் கிடைத்த அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கந்தோர் முழுக்கத் திரிந்தேன்.

ஒரு நல்ல செய்தி. விசா சரிவந்து நீர் வந்து சேர்ந்ததும், நான் வேலை செய்யும் கந்தோர் மூலம் உமக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கலாம். அது இல்லாமல் இந்த நாட்டில் ஒரு காய்ச்சலுக்குக்கூட டொக்டரிடம் போக முடியாது. முன்பு வந்த நோய், படுத்த ஆஸ்பத்திரி, எடுத்த மருந்து எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். பொய் எழுதினால் பிறகு செலவைத் தரமாட்டார்களாம். உமக்கு என்ன வந்தது? கல்யாணம் முடித்து நாங்கள் ஒன்றாக இருந்த காலத்தில் நீர் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போடப்போகிறேன். ஏதும் இருந்தால் உடனே எழுதும்.

உம்முடைய,
பஞ்சலிங்கம்

கரவெட்டி
02.04.1984

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி முடிந்தது. கைகள் இன்னும் மணக்கின்றன.

"இல்லை" என்று போடாதையுங்கோ. எனக்குப் பத்தொன்பது வயதில் சயரோகம் வந்தது. கல்யாணம் பேசும்போதே அப்பா உங்கள் ஐயாவிடம் சொன்னவர். ஐயா உங்களிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

1977 தை மாதம் இருமலோடு இரத்தம் வந்தது. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டு மாதம் நாள்தோறும் ஊசி, பிறகு ஒரு வருடம் குளிசை விழுங்கினேன். முற்றாகச் சுகம் என்று அடுத்த வருடம் சொல்லிவிட்டார்கள். அப்பா அப்போது பதுளையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். மாமாவின் மகன் அருட்பிரகாசம் மச்சான்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவே சனம் பயந்த காலம் அது. அவர் என் முன்னால் இருந்து சாப்பிடுவார். ஊசி போட்டால் தலை சுற்றும். "என்ரை சேட்டைப் பிடிச்சுக்கொண்டு இரும், விழமாட்டீர்" என்பார். மருந்துகளின் பெயர் மறந்துபோனது. மச்சானிடம் கேட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா

நியூ ஜேர்சி
23.04.1984

மீனா,

நோய் வந்ததில் எனக்கு ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டது ஐயாவின் பிழை. ஆனால் சைக்கிளில் நீர் பிடித்துக்கொண்டு போன அந்தச் சேட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்கள் கல்யாணப் பந்தலில் ஓடியாடித் திரிந்தவர்தானே அவர்? தேத்தண்ணீர் கொண்டுவந்து, "பஞ்சண்ணை, மீனாவைக் கவனமாய்ப் பாருங்கோ" என்று என் காதில் சொன்னாரே. அப்போது பகிடி என்று சிரித்தேன். முறை மச்சான். ஏன் கட்டவில்லை? நோய் என்று விட்டுவிட்டாரா, நீர் வேண்டாம் என்றீரா? என் மனைவி குடித்த மருந்து எது என்று நான் அவரிடம் கேட்டு அறிய வேண்டுமா?

ஒன்றும் வேண்டாம். "இல்லை" என்றே போட்டுவிடுகிறேன். அவர் இனி அங்கே வந்துபோகவும் வேண்டாம்.

பஞ்சலிங்கம்

கரவெட்டி
14.05.1984

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார். பருத்தித்துறைக்குப் போய், எனக்கு ஊசி போட்ட மிஸ்ஸியைத் தேடிப்பிடித்து, மருந்துகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசல் படலையடியில் வைத்தே வாங்கினேன். "நீங்கள் வந்துபோறது இவருக்கு விருப்பமில்லை" என்றேன். சைக்கிளைத் திருப்பினார். "ஓம் மச்சாள், அவரிலையும் பிழையில்லை. மருந்துப் பேரை மட்டும் சரியாய் எழுதச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா என்னோடு கதைப்பதில்லை.

ஏன் கட்டவில்லை என்று கேட்டீர்கள். அவர் கேட்டார், நான்தான் மாட்டேன் என்றேன். இரத்தம் துப்பிய என்னைக் கண்டவரோடு குடும்பம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. என்னை நோயாளியாக ஒருநாளும் கண்டிராத ஒருவர் வேண்டும் என்றிருந்தேன். நீங்கள் வந்தீர்கள்.

"இல்லை" என்று நீங்கள் எழுதினால், அங்கே வந்து நான் இருமலையும் ஒளித்துத்தான் இரும வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு நான் வரமாட்டேன். உள்ளதை எழுதினால் வருகிறேன். மருந்துகளின் பெயர் இதோடு இருக்கிறது.

மீனாம்பிகை

நியூ ஜேர்சி
30.06.1984

என் மீனா,

எழுதி அனுப்பினேன். சயம், வருடம், ஆஸ்பத்திரி, ஊசி, குளிசை, ஒன்றும் விடவில்லை. நேற்றுப் பதில் வந்தது. முதல் வருடம் நெஞ்சு நோய்க்கு மட்டும் செலவு தரமாட்டார்களாம், மற்றதெல்லாம் சரி. அந்த ஒரு வருடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீர் வந்து விரும்பியபடி இருமலாம், வீடு உம்முடையது.

அருட்பிரகாசத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். எரிச்சல் போய்விட்டது என்று உமக்குப் பொய் சொல்லமாட்டேன். "வழக்கம்போல வீட்டுக்கு வந்துபோங்கள்" என்று எழுதினேன். பிறகு "வழக்கம்போல" என்பதை வெட்டி "எப்போதாவது" என்று போட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் "வழக்கம்போல" என்றே எழுதித் தபாலில் சேர்த்தேன். அம்மாவிடமும் சொல்லும்.

நோயைப் பற்றி நீர் எழுதிய சித்திரைக் கடிதத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். யார் கூட்டிக்கொண்டு போனது என்பதுதான் அப்போது என் கண்ணில் பட்டது. அந்த வயதில் இரத்தத்தைக் கண்டு பயந்தீரா என்று நான் கேட்கவேயில்லை. பயந்திருப்பீர். அவரிடம் சொல்லியும் இருப்பீர்.

எனக்கும் ஒருமுறை சொல்லும்.

உம்முடைய,
பஞ்சலிங்கம்