மேட்டில் பன்னிரண்டு வீடுகள்

ஜவ்வாது மலை,
12-4-1978

அன்பு மஜீத்,

நலம். ஆலங்காயம் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் சர்க்கார் கட்டும் எங்கள் காலனி வீடுகளுக்குப் படம் வரைகிறான் என்று மனசுக்குள் பெருமைப்பட்டேன். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை போய்விட்டது. மேட்டு உச்சியில் பத்தடிச் சுவர், மேலே சிமெண்ட் தகடு. இங்கே வீடென்றால் சரிவுக்குக் கீழே, கூரை இடுப்பளவு இறங்கியிருக்கும். புது இடத்தில் கழி நட்டு வைக்கோல் கட்டி, ஒரு ஆடிக் காற்றில் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்த பிறகுதான் கடைக்கால் தோண்டுவோம். ஒருமுறை ஏறி வந்து பாரடா.

உன் அர்ச்சுனன்

வாணியம்பாடி,
2-5-1978

அன்புள்ள அர்ச்சுனா,

கோபப்படாதே. நீங்கள் காலமெல்லாம் குனிந்து நுழைவதைப் பொறுக்காமல்தான் சுவரை உயர்த்தினேன். உச்சியில் வைத்தது உன் மனைவி பச்சையம்மா தங்கச்சியின் அடுப்படிக்கு வெளிச்சம் கிடைக்கட்டும் என்று. வைக்கோலைப் பார்த்துப் படம் போட்டால் ஆபீஸில் சிரிப்பார்கள். மலையேற இப்போது நேரமில்லை. என்னை நம்பி உன் ஆட்களைக் குடியேறச் சொல்.

பிரியமுள்ள மஜீத்

ஜவ்வாது மலை,
3-8-1979

மஜீத்,

உன்னை நம்பி நான்தான் வீடுவீடாகப் போய்க் கெஞ்சி எல்லாரையும் குடியேற்றினேன். முந்தாநாள் பகலில் காற்று பன்னிரண்டு கூரைகளையும் பிய்த்து எறிந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த பச்சையம்மாவின் கழுத்தில் தகடு பாய்ந்தது. என் மடியிலேயே போய்விட்டாள். எதிர்வீட்டு மாதையனின் இரண்டு கால்களும் சுவருக்கடியில் நசுங்கின.

ஊரார் மீதிச் சுவர்களைக் கடப்பாரையால் இடித்தார்கள். வீடு கட்டிய மேஸ்திரியைப் புளியமரத்தில் கட்டி, வாயில் ரத்தம் வர அடித்தார்கள். மாதையனின் மகன் கொடுவாளோடு என் முன்னால் நின்றான். "இன்னாத்துக்கு மறைக்கிற? வூட்டுக்குப் படம் போட்டவன் எவன், சொல்லு. வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறேன்" என்றான். நான் சொல்லவில்லை. கல்லால் அடித்து மண்டையை உடைத்தார்கள், அப்போதும் சொல்லவில்லை.

அர்ச்சுனன்

வாணியம்பாடி,
9-8-1979

அர்ச்சுனா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியை நான்தான் கொன்றேன். என் பேரை மறைத்து அடி வாங்கியிருக்கிறாயே, உன் சிநேகத்துக்கு நான் தகுதியில்லாதவன். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். ஊரார் என்ன செய்தாலும் செய்யட்டும்.

மஜீத்

ஜவ்வாது மலை,
13-8-1979

மஜீத்,

வராதே. மேஸ்திரியை முதலில் அடித்தவன் நான். போன கடிதத்தில் அதை எழுதவில்லை. உன் பேரைச் சொல்லாதது சிநேகத்தால் என்று நினைத்துக்கொண்டாய். அது இல்லை. உன்னை வேறு எவனும் தொடக்கூடாது என்றுதான் மறைத்தேன். மாதையன் மகனிடம் கேட்டு அந்தக் கொடுவாளை நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

பழகிய பழக்கத்துக்கு இந்த ஒரு கடிதம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறாதே.

அர்ச்சுனன்