முட்டி இருக்கும் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இடது மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

போனில் பேசலாமே என்பாய். பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் நிறுத்திவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. எழுதும்போது உன் குரல் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் விழுந்ததை அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அதில் பாதி அம்மாவின் கற்பனை. நடந்தது இதுதான். மாதம் ஒருமுறை குடியிருப்புக்கு மேலே இருக்கிற மலைச்சரிவில் ஏறி, பாறை விரிசல் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவது எங்கள் வேலை. கீழே நாற்பது வீடுகள். விரிசல் பெரிதானால் அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது எங்கள் மூலமாகத்தான். மூன்றாவது வளைவில் ஒரு பாறைப்படி, முட்டி உயரத்துக்கு. வலது காலைத் தூக்கினேன். கால் பாதியில் நின்றுவிட்டது. யாரோ பின்னால் நின்று பேன்ட்டைப் பிடித்து இழுத்த மாதிரி. திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருந்தது. யாரும் இல்லை. பிறகு விழுந்தேன்.

அளவுக் கருவி பள்ளத்தில் போய்விட்டது. இந்த மாதக் கணக்கு இல்லை.

பேன்ட் உன்னுடையது. உன் கம்பெனி குட்டையான பெண்களுக்கென்று கொண்டுவந்த மலையேற்ற பேன்ட். பார்சலோடு நீ வைத்திருந்த சீட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. "இனிமே மடிச்சுத் தைக்கிற தொல்லை இல்லடி. நம்ம உயரத்துக்குன்னே வந்திருக்கு. பேட்டர்ன்ல கடைசிக் கையெழுத்து என்னோடது." இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தாய்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதற்கு முன் அலுவலகத்தில் கொடுத்ததெல்லாம் ஆண்களுக்குத் தைத்தது. மாற்றிக் கேட்டால் ஸ்டோர்காரர், "மடிச்சு விட்டுக்கம்மா, நீ வளர்ந்தா பிரிச்சுக்கலாம்" என்பார். எனக்கு வயது இருபத்தாறு. உன் சீட்டை எடுத்துக்கொண்டு போய் களப்பொறுப்பாளரிடம் காட்டினேன். துணி வெட்டுகிற பேட்டர்னே என் அக்கா வரைந்தது என்றேன். குழுவில் இருக்கிற மற்ற ஐந்து பெண்களும் என்னைப் போலத்தான், ஐந்தடியைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கும் அதையே சீருடையாக வாங்க வைத்தேன். நான் சொல்லி, நான் அலைந்து, நான் வாங்க வைத்தது. அதை மறந்துவிட்டு உன்மேல் மட்டும் பாய்கிறேன் என்று நினைக்காதே.

நான் விழுந்த செய்தி கேட்டு நீ அனுப்பிய பதில் இரண்டு வரி. "பேன்ட்டை நல்லா மேல இழுத்துப் போட்டியா? பாறையில ஏறும்போது பார்த்து ஏறக் கூடாதா?"

பார்த்துத்தான் ஏறினேன்.

கட்டுப் போட்ட கையோடு அந்தப் பேன்ட்டைத் தரையில் விரித்தேன். பக்கத்து அறையில் தங்கியிருக்கிற உயரமான பெண்ணிடம் உங்கள் கம்பெனியின் சாதாரண அளவுப் பேன்ட் இருந்தது. அதை வாங்கிவந்து மேலே வைத்தேன். இடுப்புப் பட்டி சரியாக உட்கார்ந்தது. கால் பிரிகிற இடம் அதே இடம். முட்டி மடங்குவதற்காகப் போட்டிருக்கிற தையல் அதே இடம். பாக்கெட் அதே ஆழம். கீழே மட்டும் நாலு விரற்கடை குறைவு. பேன்ட்டைக் குட்டையாக்கவில்லை அக்கா, நறுக்கியிருக்கிறீர்கள்.

அளந்து பார்த்தேன். என் இடுப்பிலிருந்து முட்டி வரை இருபது அங்குலம். உன் பேன்ட்டின் முட்டி இருபத்து மூன்றில் இருக்கிறது. துணி மடங்க வேண்டிய இடம் என் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கால் பிரிகிற இடமும் தொங்குகிறது. நேராக நின்றால் ஒன்றும் தெரியாது. கண்ணாடி முன்னால் எல்லோரும் நேராகத்தானே நிற்கிறோம். காலைத் தூக்கினால்தான் துணி தொடையைப் பிடிக்கும்.

நம்பாமல் கடைக்குப் போனேன். எங்கள் குழுவின் ஜீப்பை ஓட்டுகிற டிரைவரம்மா கூட வந்தார். மூன்று கடை, பதினான்கு பேன்ட். கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உடைமாற்றும் அறைக்குள் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் போட்டு, ஒரு காலை ஸ்டூல்மேல் வைத்துப் பார்த்தேன். பிறகு குந்தி உட்கார்ந்தேன். பின்பக்கம் இடுப்பு இறங்குகிறதா, முட்டிக்கு மேல் துணி விறைக்கிறதா, அவ்வளவுதான். கடைப் பெண் வந்து, ஸ்டூல்மேல் ஏறக் கூடாது என்று சட்டம் பேசினாள். இரண்டாவது கடைப் பையன், "மேடம், உங்க சைஸுக்கு மாடியில சின்னப் பசங்க செக்‌ஷன் பாருங்க, பொம்மை போட்டதுகூட வந்திருக்கு" என்றான். "தம்பி, இவ பாறை ஏறப் போறா, பால்வாடிக்கு இல்ல" என்றார் டிரைவரம்மா. ஆனாலும் மாடிக்குப் போனோம். சின்னப் பசங்க பேன்ட்டில் முட்டி கச்சிதமாக இருந்தது. இடுப்புக்கு மேலே ஏறவில்லை. டிரைவரம்மா கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "ஒண்ணு கால் வச்சிருக்கணும், இல்ல இடுப்பு வச்சிருக்கணும். ரெண்டும் வச்சிருக்கோம் பாரு, அதான் நம்ம தப்பு." கட்டுப்போட்ட கை வலிக்க வலிக்கச் சிரித்தேன். பேன்ட்டைக் கழற்றும்போது சிரிப்பு போய்விட்டது.

பதினான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. மற்ற பதின்மூன்றைச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பதினான்காவது உன்னுடையது.

நீயும் நானும் ஒரே உயரம். நாலடி பத்து அங்குலம். உன் முட்டி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பிறகு எப்படிக் கையெழுத்துப் போட்டாய்? அளவுக்கு நிற்க வைக்கிற பெண் ஐந்தடி ஏழு என்று நீயே ஒருமுறை எழுதியிருந்தாய். அவள்மேல் போட்டுப் பார்த்துவிட்டு, கீழே வெட்டச் சொன்னார்களா? நீ ஒன்றும் சொல்லவில்லையா? சொன்னால் உன் உயரத்தைப் பார்ப்பார்கள் என்று பயமா?

இங்கே களப்பொறுப்பாளர் அறிக்கை எழுதிவிட்டார். "உடல் உயரம் போதாமையால் நேர்ந்த விபத்து." கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மேசை வேலை. அதோடு முடியவில்லை. களத்துக்குப் போக ஐந்தடி இரண்டு அங்குலம் வேண்டும் என்று விதி கொண்டுவரப் போகிறார்கள். நாங்கள் ஆறு பேரும் அதற்குக் கீழே. அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்படுகிறார். "அரை டிக்கெட்டை மேல அனுப்பினது என் தப்பு" என்று ஸ்டோர்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருத்தத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் விசாரணை. எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு தாள் வேண்டும். இந்த வகையில் முட்டியும் கால் பிரிகிற இடமும் மாற்றப்படவில்லை, கீழ்நீளம் மட்டும் குறைக்கப்பட்டது என்று, பேட்டர்னில் கையெழுத்திட்டவளாக நீ எழுதிக் கொடுக்க வேண்டும். நான் சொன்னால் விழுந்தவள் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். சொல்லவும் தொடங்கிவிட்டார்கள்.

எழுதி அனுப்பு.

உன் தங்கை

*

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. தாள் வரவில்லை.

உள்ளே ஒரு பேன்ட். சாம்பல் நிறம். கம்பெனி முத்திரை இல்லை. நீயே வெட்டி, நீயே தைத்தது. தையலைப் பார்த்தாலே தெரிகிறது. கூட ஒரு சீட்டாவது இருக்கும் என்று பாக்கெட்டெல்லாம் துழாவினேன்.

போட்டேன். நாற்காலிமேல் காலை வைத்தேன். குந்தினேன். மாடிப்படியில் இரண்டு இரண்டாக ஏறினேன். எங்கேயும் பிடிக்கவில்லை. முட்டி இருக்க வேண்டிய இடத்தில் முட்டி. இடுப்பில் பெல்ட்டே வேண்டாம். என் வாழ்க்கையில் இப்படி ஒரு பேன்ட் போட்டதில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கோபம் வந்தது. முதல் கடிதத்தில் இருந்தது ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு.

உனக்குத் தெரிந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று கடைசித் தையல் வரை தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்திருக்கிறாய். தெரியாமல் செய்தாய் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். அதை இந்தப் பேன்ட் எடுத்துவிட்டது.

இதை எனக்கு ஏன் அனுப்பினாய்? வாயை மூட வைக்கவா? மன்னிப்பாகவா? எதுவாக இருந்தாலும் நான் கேட்டது அதை இல்லை.

நேற்று அம்மா போன் செய்தாள். நீ அவளிடம் பேசியிருக்கிறாய், என்னிடம் இல்லை. "அவ வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுடி. அங்க தனியா எவ்வளவு பட்டு மேல வந்திருக்கா. நீ வெயில்ல அலையாம ஆபீஸ்லயே உக்காந்து பாரேன், அதுவும் வேலைதானே" என்றாள். அதுவும் வேலைதான். நான் படித்தது பாறையை. மேசைமேல் பாறை வராது. சொன்னேன். "உனக்கு வாய் மட்டும் ஆறடி" என்று வைத்துவிட்டாள்.

அம்மா இரண்டு பெண்ணையும் காப்பாற்றப் பார்க்கிறாள். ஒருத்தியை உட்கார வைத்து, இன்னொருத்தியைப் பேசாமலிருக்க வைத்து. எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

போன சனிக்கிழமை நாலு பேர் மேலே போனார்கள். போட வேண்டாம் என்று ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னேன். சீருடை இல்லாமல் போனால் மெமோ. ஒருத்தி மட்டும் வீட்டில் தூங்கும்போது போடுகிற நைட் பேன்ட்டில் போனாள், அவளுக்கு மெமோ வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் உன் பேன்ட்டில்தான் ஏறினார்கள். அவர்கள் இறங்கிவரும் வரை நான் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரம். நீ அந்த ஐந்து மணி நேரமும் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யோசித்தேன். ஒருவேளை நீயும் யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் எழுதுவதில்லையே.

வரும் மாதம் மழை. விரிசல் பார்க்க வாரம் ஒருமுறை போவார்கள்.

அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் முதுகில் குத்தினாள் என்று சொல்லாதே. அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன். நீ தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போய், விழுந்த அன்று போட்டிருந்ததை மேசைமேல் விரிப்பேன். அங்கேயே நாற்காலிமேல் ஏறிக் காட்டுவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போட்டிருக்கிறதை யார் தைத்தார்கள் என்று கேட்பார்கள். என் அக்கா என்பேன், அதில் பொய் இல்லை. விரித்திருக்கிறதை யார் வரைந்தார்கள் என்றும் கேட்பார்கள். அன்றைக்கு உன் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிப் பீற்றிக்கொண்டவள் நான். களப்பொறுப்பாளர் மறந்திருக்க மாட்டார். அவரே சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் வாயால் சொல்ல மாட்டேன். இது பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. அதை நீ சொல்ல வேண்டும். இருநூறு பேர் போட்டிருப்பார்களா, இரண்டாயிரம் பேரா? அவர்களுக்கும் சேர்த்து நீ சொல்ல வேண்டும்.

நானும் ஒன்று எழுதிக் கொடுப்பேன், ஆக இரண்டு அறிக்கைகள் இருக்கும். ஒன்றில் பொறுப்பாளர் கையெழுத்து, இன்னொன்றில் என்னுடையது மட்டும். எதை நம்புவார்கள் என்று உனக்கே தெரியும்.

நேற்று ஸ்டோர் அறையில் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்து அளந்தேன். ஸ்டோர்காரர் முதலில் கிண்டல் செய்தார். பிறகு அவரே டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பிலிருந்து முட்டி வரை, அங்குலத்தில்:

டிரைவரம்மா பத்தொன்பதரை. மழைமானி பார்ப்பவள் இருபது. வரைபடக்காரி இருபதே கால். மெமோ வாங்கியவள் பத்தொன்பது. புதிதாகச் சேர்ந்தவள் இருபதரை, கூச்சப்பட்டு நெளிந்தாள், கால் அங்குலம் கூடக் குறைய இருக்கலாம்.

இவர்கள் யாருக்கும் உங்கள் கம்பெனியில் அக்கா கிடையாது.

பேன்ட் தைத்து அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். யாரைப் பற்றி எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான்.

திங்கட்கிழமைக்குள் தபாலில் போட்டால் புதன்கிழமை எனக்குக் கிடைத்துவிடும். அதை எழுதினால் அங்கே உனக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. தினமும் யோசிக்கிறேன். வேலை போய்விட்டால் இங்கே வந்துவிடு. அறை சின்னதுதான், இன்னொரு கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது, நமக்கு முழுசாகத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவை நான் சமாளிக்கிறேன்.

எழுதிவிடு அக்கா.

தங்கை