மூச்சு விடாதவர்களுக்கான கார்

12 மே 2049, 10:40. மோதல் தடம் 3, செங்கல்பட்டு

இல்லை, சோதனைப் பொம்மையை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்ததில் தவறில்லை. இதைப் படிப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார். இடுப்பு, முழங்கால், கழுத்து, எல்லாம் அளந்தபடியே. வேகம் மணிக்கு 64 கி.மீ. அதே சுவர். ஆண்டுதோறும் எங்களிடம் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கும் அதே மாடல். இன்று பெல்ட் தாமதமாக இறுகியது. மனிதராக இருந்தால் ஆறு விலா எலும்புகள் முறிந்திருக்கும்.

12 மே, 11:25

டெக்னீஷியன் முபாரக், தடத்திலிருந்து வயர்லெஸ்ஸில்:

“மேடம், திட்டாதீங்க. பொம்மை சட்டைக்குள்ள கூலர் ஹோஸ் சொருகியிருந்தேன்ல, கழட்ட மறந்துட்டேன். வெயில்ல அது சூடானா நீங்கதானே கத்துவீங்க.”

காற்று விட்டுவிட்டு வரும் கூலர். பொம்மையின் மார்பு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியிருக்கும்.

13 மே, 14:10

வேண்டுமென்றே ஹோஸுடன் மோதவிட்டோம். பெல்ட் தாமதம். ஹோஸ் இல்லாமல் அதே மாடலில் இன்னொரு கார். ஐந்து நட்சத்திரம்.

13 மே, 17:30

பெல்ட் எப்போது இறுக வேண்டும் என்பதைக் கார்தான் முடிவு செய்கிறது. பத்து ஆண்டுகளாக எங்கள் மதிப்பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மதிப்பெண் தந்தவை எல்லாம் பொம்மைகள். மூச்சு விடுபவர்களிடமிருந்து அதற்கு வந்தது ஒன்றுதான்: பெல்ட் இறுக்குகிறது என்ற புகார்.

இரண்டையும் அது சரியாகவே கற்றிருக்கிறது: மார்பு அசையாவிட்டால் உடனே இறுக்கு, அசைந்தால் தாமதி.

எங்கள் நட்சத்திரத் திட்டம் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகள் சாலைச் சாவு குறைந்தது. பிறகு ஏறியது. ஓட்டுநர்களைக் குறை சொன்னோம்.

14 மே, 11:05

இயக்குநர் மணிமொழியன், தலைமையகத்திலிருந்து:

“பொம்மை மூச்சு விடணும்னு ரூல் புக்ல எந்தப் பக்கத்துல இருக்கு? எழுதினது நீதானேம்மா. ஹோஸ் இருந்தா அந்த டெஸ்ட் செல்லாது. நாலு மணிக்கு ரிசல்ட் போயிடணும். அடுத்த எடிஷன்ல சேத்துக்கலாம்.”

அடுத்த எடிஷனுக்கு மூன்று ஆண்டுகள்.

ஆம். எழுதியது நான்.

14 மே, 13:30

அக்காவின் குரல் செய்தி:

“ஏய், நீ குடுத்த ஸ்டாரப் பாத்துதான்டி உங்க மாமா அந்தக் கார எடுத்தாரு. ஞாயித்துக்கிழமை அதுலதான் வர்றோம். யாழி முன் சீட்டுதான் வேணும்னு ஒரே அடம். உக்கார வைக்கலாமா? ஊருக்கெல்லாம் சொல்றே, எங்களுக்கும் சொல்லு.”

அக்கா மகள் யாழிக்குப் பதினொரு வயது. தூங்கும்போதுகூடச் சத்தமாக மூச்சு விடுவாள்.



14 மே, 15:52

நான் கையெழுத்திடாவிட்டால் இயக்குநர் இடுவார். அவர் இல்லாவிட்டால் இன்னொருவர். இதை எழுதிப் பார்த்தேன். காரணம் போலத்தான் இருக்கிறது.

ஹோஸ் சோதனைகள் இரண்டும் செல்லாதவை. அந்தக் கோப்பு அறிக்கையில் சேராது. இந்தக் குறிப்புகளோடு மட்டும் இருக்கும்.

14 மே, 15:58

ஐந்து நட்சத்திர அறிக்கையில் கையெழுத்திட்டேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, பஸ்ஸில் வரச் சொன்னேன்.