லேசாகச் சுற்றிய காத்தாடி

கரை முழுக்கக் கேட்கும் குரல் வைத்திருந்த என் அம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் காத்தாடியின் சத்தம்தான் முதலில் வித்தியாசமாகப் பட்டது. நம் மொட்டைமாடியில் பீப்பாய் போல நிமிர்ந்து நின்று காற்றில் கரண்ட் எடுக்கிற அதற்கு, பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஒரு கனத்த முனகல் உண்டு, உனக்குத் தெரியும். சார்ஜ் போட்டிருந்த பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்ததை மாட்டி, காத்தாடியைப் பிடித்து நிறுத்தும் பிரேக் சுவிட்சைத் தளர்த்திவிட்டேன். முனகல் வரவில்லை. சும்மா லேசாக, வேகமாகச் சுற்றியது.

கீழே வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள், "சோழகக் காத்து நல்லா அடிக்குதுல்ல, பறக்குது பாரு" என்றார்கள். வேகமாகச் சுற்றினால் கரண்ட் நிறைய ஏறுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கரண்ட் பேட்டரிக்குப் போகாமல், இழுத்துப் பிடிக்கும் சுமை இல்லாததால்தான் அப்படி ஓடுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒயர் சேரும் இடத்தைத் தொட்டேன். உப்பு பூத்துப் பச்சையாகியிருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அது நேற்று மட்டும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. அப்படியானால் சற்று முன்பு நான் கொடுத்த பேட்டரியில் என்ன ஏறியிருக்கும்?

அதை வாங்கிப்போனது உன் தம்பி, சேவியர் மாமா. ராத்திரி முழுக்கக் கடலில் இருக்கப்போகிறவர். அந்தப் பேட்டரியில் எரியும் வள்ளத்து விளக்கு அணைந்துவிட்டால் பெரிய விசைப்படகுகளுக்கு மாமாவின் வள்ளம் கண்ணில் படாது.

நீ இருந்தவரை பல்பு போட்டுப் பார்க்காமல் யாருக்கும் பேட்டரி கொடுத்ததில்லை. பத்து அருள்நிறை மரியே செபம் சொல்லி முடியும்வரை அது மங்காமல் எரிய வேண்டும். நானும் பல்பை எடுக்கத்தான் போனேன் அம்மா. மாமாவுடன் வந்த இராயப்பன் அண்ணன், "ஒங்கம்மா மாதிரி நீயும் பல்புக்குப் பூசை வைக்கப்போறியாத்தா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பல்பை எடுக்காமலேயே பேட்டரியைத் தள்ளிவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். பதில் தெரிந்தாலும் எழுந்து நின்றால் பேச வாய் வராது. உன் வயிற்றில் பிறந்து எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கரைக்கு ஓடினேன். வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தார்கள். கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் போய் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தா, நீயும் தொழிலுக்கு வாரியா?" என்றார் இராயப்பன் அண்ணன்.

"பேட்டரில சார்ஜ் இல்ல மாமா. நான் பாக்காமக் குடுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாமா விளக்கை மாட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் எரிந்தது, பிறகு மஞ்சளாகி அடங்கியது. பக்கத்து வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இரவல் கேட்கக்கூட ஆள் இல்லை.

"ஒங்கம்மா ஒருநாளும் இப்படிக் குடுத்ததில்லத்தா" என்றார் மாமா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இராயப்பன் அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி, "கடலுக்குப் போறதுக்கு முந்தி இங்கனயே வந்து சொன்னாளே, அதச் சொல்லு" என்றார். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. விளக்கில்லாமல் அவர்கள் கடலுக்குப் போகவில்லை, அவர்கள் வீடுகளில் இன்று மீன் இல்லை. தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. உன் பெயரைச் சொல்லித்தானே நம் வீட்டுக்குப் பேட்டரி கொண்டுவருகிறார்கள்?

இனி யார் சிரித்தாலும் பத்தையும் சொல்லி முடிக்காமல் கொடுக்க மாட்டேன். சத்தமாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. சொல்வேன்.

நேற்று கடைசியில் மாமா பேட்டரியைத் தூக்கி வள்ளத்தின் ஓரத்தில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மறுபக்கத்தை அவர் பிடித்தார். இருவருமாகக் கரையேறினோம்.

உன் வயிற்றில் பிறந்த கடைசி மகள்,
செல்வி