பதக்கத்தின் விளிம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தை என்றா எழுதிவிட்டேன்? அவளுக்கு இருபத்தாறு வயது. உன் கடிதத்தைப் படித்தால் ஆறு வயது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவன் நான்கு பக்கம் எழுதியிருந்தாய். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். கடைசியில் விஷயம் தாத்தாவின் போர்ப் பதக்கம். விவரம் தெரிந்தவரிடம் காட்டி, எந்தப் படையெடுப்பு, என்ன மதிப்பு என்று எழுதி வாங்கி, பதக்கத்தோடு அனுப்பச் சொன்னாய். ராணுவ அதிகாரி வீட்டுச் சம்பந்தம் வருகிறதாம், அவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்ட வேண்டுமாம். உன் மகள் விரும்புகிறவன் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன், பட்டாளத்தார் வீட்டுப் பெண் அங்கேயா போவது என்றும் கேட்டிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

சொன்ன வேலையைச் செய்யாமல் இருக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது? பழைய நாணயமும் பதக்கமும் வாங்கி விற்கிற ஒருவரை விசாரித்துப் போனேன். மேல்மாடியில் குறுகலான கடை, மேசை முழுக்கச் சின்னச் சின்னக் காகித உறைகள். அப்பா குழி வெட்டிப் பதித்து வைத்த பலகையோடு அப்படியே நீட்டினேன். மெல்லிய கத்தியை விட்டு நெம்பி, பதக்கத்தை வெளியே எடுத்தார். எனக்குத் தெரிந்து அது அந்தக் குழியை விட்டு வந்தது அன்றைக்குத்தான்.

பதக்கத்தின் முகப்பில் இருக்கும் ராஜா தலையை அவர் பார்க்கவே இல்லை. விளிம்பைத்தான் லென்ஸ் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாங்கியவன் பெயரை விளிம்பில்தான் வெட்டுவார்களாம். பிறகு என்னைப் பார்த்து, “இதுக்கு வெள்ளி முலாம் யாரும்மா பூசினது?” என்றார்.

அது வெள்ளியே இல்லை, தம்பி. வெண்கலம். சண்டை போட்ட சிப்பாய்களுக்கு வெள்ளி, கூடப் போய் மூட்டை சுமந்தவர்களுக்கு வெண்கலம். விளிம்பில் ஒரு எண், தாத்தாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் ‘கூலி’. என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். ஒரு வாரம் கழித்து, பதக்கம் வாங்கியவர்களின் பட்டியலில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்தும் கொடுத்தார். சந்தேகமே வேண்டாம், நம் தாத்தாதான். குண்டு பட்டு இரண்டு கால்விரல் போயிற்று என்று அப்பா சொல்வாரே, அதையும் கேட்டேன். வெள்ளைக்காரன் படை பனிமலை தாண்டிப் போன படையெடுப்பாம் அது, சுமை தூக்கினவர்கள் செருப்புகூட இல்லாமல்தான் ஏறினார்களாம், குளிரில் கருகித்தான் பலருக்கு விரல் போனதாம்.

மதிப்புக் கேட்டாயே, அதையும் எழுதுகிறேன். வெள்ளி வாங்கியவர்கள் ஏராளமாம். வெண்கலத்தைப் பத்திரமாக வைத்திருந்த வீடுதான் அபூர்வமாம். “அப்படியே விட்டிருந்தா வெள்ளியைப் போல மூணு மடங்கு போயிருக்கும். மறைக்கப் போய் கெடுத்துட்டாங்க,” என்றார். முலாம் பூசியதால் இப்போது கேட்பாரில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

யார் பூசியது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. குழிக்குள் மெத்தென்று இருக்க ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. முலாம் கடை ரசீது. அப்பா பெயர், நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி. ஆக, அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் அந்தப் பலகையை மாட்டினார்.

வாராவாரம் அதைத் துலக்கியவள் நான். ராஜாவின் மூக்கும் காதும் பழுப்பாகிக்கொண்டே வரும். அழுக்கு, இன்னும் அழுத்தித் தேய் என்பார். தேய்ப்பேன். உண்மை எட்டிப் பார்த்தது, நான் அழுக்கென்று நினைத்து அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முப்பத்து நாலு வருஷம் முன்னால் என்னை ஒருவர் பெண் கேட்டார். நீ மறந்திருக்கலாம், உனக்கு அது ஒரு சாயங்கால வேலை. அவருடைய அப்பா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். நம் அப்பா அந்தப் பலகையைக் காட்டித்தான் இல்லை என்றார். நீ நிலையத்துக்கே போய், அந்தப் பெரியவரிடம் நாலு பேர் முன்னால், “முதல்ல தலைச்சுமையை இறக்கி வச்சுட்டு அப்புறம் சம்பந்தம் பேச வாங்க,” என்றாய். வீட்டுக்கு வந்து அதை நடித்தும் காட்டினாய். அப்பா உன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வந்தவர்களை நான் வேண்டாம் என்றேன், பிறகு யாரும் வரவில்லை. எனக்கு ஆறவில்லை, தம்பி. ஆறிவிட்டது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது பொய்.

தாத்தாவை நினைத்தால் எனக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை. அந்த உயரத்தில் வெறுங்காலோடு மூட்டை சுமந்து, உயிரோடு திரும்பி வந்து, நம்மையெல்லாம் உண்டாக்கியிருக்கிறார். அவர் பிள்ளையையும் பேரனையும் நினைத்தால்தான் வருகிறது.

நீ கோபப்படுவாய், படு. பதக்கத்தையும் பட்டியல் நகலையும் ரசீதையும் உன் மகள் பெயருக்கு, அவள் வேலை செய்யும் இடத்து முகவரிக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். அந்தப் பையனிடம் இதைக் காட்டு, உன் கொள்ளுத்தாத்தா செய்த வேலையைத்தான் அவனும் செய்கிறான் என்று எழுதியிருக்கிறேன். துலக்கவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். என் ஆசீர்வாதம் அவளுக்கு முழுசாக உண்டு.

உனக்குப் பலகையை அனுப்புகிறேன். அது உன் பங்கு. கூடத்தில் மாட்டிக்கொள். நடுவில் குழி மட்டும் இருக்கும். அவளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுக்கும்போது, அப்பா மாதிரி அதைக் கை நீட்டிக் காட்டு. பிறகு உனக்கே சொல்ல வந்தால் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள், இந்த வீட்டில் அடுக்களையில் நின்று கேட்டவள் நான் ஒருத்தி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா