ஐந்து வரித் தாள்

நானா,

பென்சன் அலுவலாகப் பழைய அடையாள அட்டைப் பிரதி ஒன்று தேவைப்பட்டது. அலுமாரியின் கீழ்த்தட்டில், அந்தச் சண்டைக் காலத்துப் பாஸ், பதிவுத் துண்டு எல்லாம் போட்டு வைத்த பிளாஸ்டிக் உறையை உதறினேன். உங்கள் தாள் விழுந்தது. நீல மையில் ஐந்து வரி. ஐந்தும் ஆங்கிலம். அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் அரைகுறைதான். நடுவில் என் தேத்தண்ணீர்க் கோப்பையின் வட்டம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் என்னை அண்ணன் என்பீர்கள், நான் உங்களை, உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்பேன். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. மூதூர் லாஞ்சியால் நீங்கள் முதன்முதல் வந்து இறங்கியபோது மடியில் ஒரு மொனிட்டர். இறங்குதுறையில் டிக்கெட் கிழிக்கிற நான், "இதுக்கும் அரை டிக்கெட் எடுக்கவேணும்" என்றேன்.

"இது இன்னும் நடக்கத் தொடங்கல்ல அண்ணன். கைக்குழந்தைக்கு என்ன டிக்கெட்?"

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் திருத்துகிற வேலை உங்களுக்கு. காலையில் மூதூருக்கு அப்பால் தோப்பூரிலிருந்து வருவீர்கள், பின்னேரம் போவீர்கள். போகும்போது என் மேசையில் ஒரு தேத்தண்ணீர்.

பிறகு எங்கள் பக்கத்து ஆமிக் காம்பிலிருந்து குடாக்கடலுக்கு மேலால் உங்கள் பக்கம் ஷெல் போகத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கண்ணாடி அதிரும். என் மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்கு மாமன் அனுப்பிய, டீவியில் பூட்டுகிற விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. ஷெல் தொடங்கினால் அதைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, திரையில் ஓடுகிற சின்ன மனுஷனோடு தானும் ஓடுவாள். ஒரு நாள் கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் பெட்டி கருகிப்போனது. அதற்குப் பிறகு அவள் மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். சோற்றுக்கும் வெளியே வரவில்லை. தகப்பன் என்று நான் ஒருவன் பக்கத்தில் குந்தியிருந்து, "ஒண்டுமில்லை பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்பது தெளிவாக எழுதியிருந்தது.

உங்களிடம் சொன்னேன். அடுத்த நாளே என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு சீடியோடு வந்து உட்கார்ந்தீர்கள்.

"எமுலேட்டர் எண்டு சொல்ற, அண்ணன். செத்த பெட்டி மாதிரியே இந்தக் கம்ப்யூட்டர் நடிக்கும். எங்கெங்கயோ இருக்கிற ஆக்கள் சேர்ந்து எழுதி, ஆரும் எடுங்க எண்டு சும்மா விட்டிருக்காங்க. ஆனா சோறாத் தரல்ல, அரிசியாத்தான் தந்திருக்காங்க. நாமதான் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டு ஆக்கணும்."

"குசினிப் பக்கம் போகாதவனிட்டைச் சொல்லுறியள்."

நீங்கள் தொடங்கி வைத்தது ஏதோ பிழையாகிப் பாதியில் நின்றது. லாஞ்சிக்கு நேரமாகிவிட்டது. தாளில் ஐந்து வரி எழுதித் தந்தீர்கள். "இத அடிங்க. மூணு நாலு மணித்தியாலம் எடுக்கும். திங்கக்கிழமை வந்து பாக்கன்."

திங்கள் லாஞ்சி ஓடவில்லை. பிறகும் ஓடவில்லை. டிக்கெட் கிழிக்க ஆளில்லாமல் நானும் வீட்டில். கரண்ட் வந்தால் ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலம் நிற்கும், அவ்வளவுதான். வந்ததும் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து அடிப்பேன். எழுத்துகள் மழை மாதிரித் திரையில் இறங்கும். பாதியில் கரண்ட் போகும். திரும்ப வந்தால் திரும்பவும் முதல் வரி. எனக்கு வேறெப்படித் தெரியும் நானா? பயணப் பாஸ் எடுக்கப் போனால் அரைவாசியில் திருப்பி அனுப்புவார்கள். மற்ற நாள் வரிசையின் கடைசியில் நின்று, புதுப் படிவத்தில் பெயரிலிருந்து எழுதவேண்டும். மெஷினும் அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று நினைத்துவிட்டேன். பதினைந்து தடவையாவது அடித்திருப்பேன்.

அப்படியொரு காலையில் நீங்கள் டெலிபோன் எடுத்தீர்கள். இரைச்சலுக்குள் உங்கள் குரல்.

"அண்ணன், சுகமா? எமுலேட்டர் என்னாச்சு?"

ஷெல் விழுகிற ஊரில் நிற்கிற மனுஷனிடம் விளையாட்டுச் சாமான் பற்றிக் குறை சொல்வதா? வெட்கமும் இருந்தது, ஐந்து வரி அடிக்கத் தெரியாத வெட்கம்.

"ஓம் நானா, ஓடுது. பிள்ளை விளையாடுறா."

"அல்லாவே! நீங்களே ஆக்கிட்டீங்களே அண்ணன்!" என்று சிரித்தீர்கள். "அப்ப சரி, வெச்சிர்ரன். இந்தப் போனுக்கு ஆக்கள் வரிசையில நிக்காங்க."

மேசைக்குக் கீழிருந்து மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உங்கள் பக்கத்தில் ஊரோடு சனம் நடந்து வெளிக்கிட்டது. வழியில் ஷெல் விழுந்தது. அதில் நீங்களும் என்று உங்கள் கடை முதலாளி என் வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தேன். கரண்ட் இருந்தது. விரல் முதல் வரிக்குப் போகவில்லை. எதற்கும் போகவில்லை.

மகள் மேசைக்குக் கீழிருந்து வந்து தாளை வாங்கினாள். "எழுத்து ஓடுறது நாலாவது வரிக்குத்தானே அப்பா? மேல இருக்கிறது எதுக்கு?" நாலாவதை மட்டும் அடித்தாள். நேற்று விட்ட இடத்திலிருந்து எழுத்து இறங்கியது. முதல் வரி, நீங்கள் பிழையாகத் தொடங்கியதைத் துடைக்க ஒரே ஒரு தடவைக்காக எழுதியது. நான் ஒவ்வொரு நாளும், ஆக்கிய சோற்றை அள்ளிக் கொட்டிவிட்டு உலை வைத்திருக்கிறேன்.

கரண்ட் போகுமுன்னமே முடிந்தது. கடைசி வரியை அடித்து, கருகின பெட்டியின் விளையாட்டு சீடியைப் போட்டோம். சின்ன மனுஷன் ஓடினான். மகள் கதிரையில் ஏறி இருந்து சொன்னாள்:

"நானாவுக்குச் சொல்லுங்கோ அப்பா. நீங்க சொன்னது இனிப் பொய் இல்லைத்தானே."

முதலாளி சொல்லிவிட்டுப் போனதை அவளிடம் நான் அப்போது இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு "ஏலாமல் கிடக்கு நானா" என்று சொல்லியிருந்தால் நீங்கள் போனை வைத்திருக்க மாட்டீர்கள். வரிசையில் நிற்கிற ஆட்களை மறந்து, "முதல் வரிய ஏன் அண்ணன் அடிக்கீங்க!" என்று ஏசியிருப்பீர்கள். ஒரு பத்து நிமிஷமாவது ஏசியிருப்பீர்கள்.

இப்போது மகள் வெளிநாட்டிலிருந்து டெலிபோன் எடுத்து, "அப்பா, சுகமோ?" என்று கேட்பாள். முழங்கால் நோகிறது, பென்சன் படிவம் விளங்கவில்லை, ஏலாது பிள்ளை என்று ஒன்று விடாமல் சொல்லுவேன். அவள் ஏசத் தொடங்குவாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு, வடிவாக இருந்து கேட்பேன்.